வானம்பாடிக் கூட்டுக்கு நாம் நட்ட குச்சி

அன்பு மச்சான்,

போன இடத்திலாவது நிழல் இருக்கிறதா? இங்கே அச்சங்குளத்துக் கரிசலில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. நேற்று ஒன்றைப் பார்த்தேன். அதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நயா பைசா வந்த வருஷத்துக் கோடை உழவு ஞாபகம் இருக்கிறதா? அக்கா மாசமாக இருந்தாள். உங்கள் ஏர் ஒரு வானம்பாடிக் கூட்டை நசுக்கிவிட்டது. உள்ளங்கை அகலக் குழி, ஓரத்தில் பொடிக்கல், உள்ளே இரண்டு முட்டை. அம்புட்டுப் பெரிய மீசை வைத்த நீங்கள், "ஏலே, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடுலே இது!" என்று அழுதேவிட்டீர்கள்.

அடுத்த வருஷம் முதல், உழவுக்கு முன்பு தரிசு முழுக்க நடந்து பார்த்தோம். கூடு கண்ட இடத்தில் இடுப்பு உயரத்துக்குக் கருவேலங்குச்சி நட்டோம். ஏர் அதைச் சுற்றிப் போகும். வருஷத்துக்கு ஒரு கயிறு, கூட்டுக்கு ஒரு முடிச்சு. "நம்ம புண்ணியம் தொங்குது பாரு" என்று மாட்டுக்கொட்டத்தில் கட்டிவைத்தீர்கள்.

முதல் கயிற்றில் முடிச்சுப் போட இடமில்லை. பிறகு வருஷாவருஷம் குறைந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போன வருஷம் ஐந்தே முடிச்சு. பக்கத்துத் தரிசில் கொட்டகை போட்ட பட்டாசுக் கம்பெனியை ஏசினோம், பருத்திக்குத் தூவுகிற மருந்துப் பொடியை ஏசினோம். என் தலைப்பிள்ளை தங்காமல் போன அன்று நான் அந்தக் கயிறுகளைத்தான் போய்ப் பார்த்தேன். உங்களிடம் சொன்னதில்லை.

இந்த வருஷம் மூன்று கூடு. மூன்று குச்சி நட்டேன். நேற்றுக் காலை ஒரு காக்கை முதல் குச்சியில் வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தது, இறங்கியது, முட்டையைத் தின்றது. அங்கிருந்து நேரே அடுத்த குச்சிக்குப் பறந்தது. அது தேடவே இல்லை, மச்சான்.

நான் அலறிக்கொண்டு ஓடி மூன்றாவது குச்சியைப் பிடுங்கிவிட்டேன். அந்த ஒரு கூடுதான் தப்பியது.

இத்தனை வருஷத்தில் உழவு முடிந்தபின் ஒரு தடவையாவது திரும்பிப் போய்ப் பார்த்தோமா? நாமே காக்கைக்கு இலை போட்டுப் பந்தி வைத்தோமா? என் வீட்டில் அவளுக்கு இப்போது ஏழாம் மாசம். இந்தப் பாவம் எங்கே போய் நிற்கும்?

அக்காவிடம் சொன்னேன். "செத்தவுகளுக்கு எதுக்குலே இதை எழுதுத? அவுக நெஞ்சு தாங்காது" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கூடு இருக்கிற துண்டைத் தரிசாவே விட்ருலே, எம்புட்டு வெளஞ்சிரப் போகுது" என்றாள்.

விட்டுவிட்டேன். குஞ்சு பறக்கும்வரை அங்கே ஏர் இறங்காது, இது சத்தியம். அதுவரை கயிற்றில் முடிச்சும் போட மாட்டேன். இனி எந்த அடையாளமும் வேண்டாம்; அந்தக் கூடு எங்கே இருக்கிறதென்று அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. கோபிக்காதீர்கள், உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

பயம் தெளியாத,
உங்கள் மச்சினன்