உபதேசியார் வீட்டுச் செபம்

செவ்வாய், நவம்பர் 11

எங்கள் மாதா கோயில் உபதேசியாரின் மனைவி இறந்துவிட்டாள். தூத்துக்குடிக்குப் போன பங்குச் சாமியார் வந்து சேரவில்லை. இத்தனை ஆண்டுகளாக எல்லாச் சாவு வீட்டிலும் செபம் சொன்ன உபதேசியார், இன்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"டீச்சரம்மா, நீங்க வாசிக்கியளா?"

"உம்ம குரல் யாருக்கு வரும்? நீரே சொல்லும்" என்றேன். பாராட்டுகிறேன் என்று நினைப்பு. கல்லூரியில் வாய் ஓயாமல் பேசியவளுக்கு இன்று கூச்சம் வந்துவிட்டது.

அவரே வாசித்தார். இறந்தவரின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் குரல் நின்றது. அவ்விடத்தில் யாராவது பெயரை எடுத்துக்கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பின்னாலிருந்து ஒருவன் பழக்கதோஷத்தில், "ரோசம்மா, உபதேசியாரே" என்றான்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் தொடர்ந்து வாசித்தார்.