மெர்சி அவுட்டாகிவிட்டாள்

என் ஆசை அக்காவுக்கு,

இன்று சாயங்காலம் உன் மகள் மெர்சி அவுட்டாகிவிட்டாள்! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போன பிறகு நான் ஒரு தப்புச் செய்தேன். மெர்சியை இரண்டாம் வகுப்பில் விட்ட முதல் நாள், அங்கிருந்த பிள்ளைகளிடம், "அம்மா இல்லாத புள்ள, யாரும் தள்ளிவுட்டுறாதீங்க, பாத்து வெளயாடுங்க தங்கங்களா" என்று கெஞ்சினேன். அதுகளும் அப்படியே கேட்டுக்கொண்டன. ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தில் மெர்சி உப்புக்குச் சப்பாணி. கூட ஓடலாம். ஆனால் யாரும் அவளைத் தொடமாட்டார்கள், அவள் தொட்டாலும் செல்லாது.

எனக்கு அப்போது இது தெரியாது. அடிக்கிறாள், கடிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். திருநள்ளாறு லாட்ஜில் போர்வை துவைத்துக்கொண்டிருப்பவள் ஈரக்கையோடு பஸ் ஏறுவேன். "கடிநாய் வருது, ஓடுங்கடி!" என்று பிள்ளைகள் கத்துவது கேட் வரைக்கும் கேட்கும். போன வாரம் நிவேதா என்கிற பிள்ளையின் கையில் பல்லே பதிந்துவிட்டது. "இன்னொரு தடவன்னா வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார் பெரிய டீச்சர். வீட்டுக்கு வந்து நானும் அவளை அடித்தேன், அக்கா. நீ இருந்தால் அடிக்க விட்டிருப்பாயா?

அழுதுகொண்டே சொன்னாள்: "கடிச்சாத்தான், சித்தி, என்னயும் தொரத்துறாங்க."

மறுநாள் கேட்டில் நின்று நிவேதாவைக் கூப்பிட்டேன்.

"இவளயும் நெசமா சேத்துக்கம்மா. தொட்டு அவுட்டாக்கு."

"கடிப்பாளே ஆன்ட்டி?"

"கடிச்சா ஆட்டத்த வுட்டு வெளில நிறுத்து."

அவள் தன் கையைப் பார்த்தாள், மெர்சியைப் பார்த்தாள். "அழுதாலும் சேக்க மாட்டோம்" என்றாள்.

அன்றைக்குச் சேர்க்கவில்லை. நேற்று வரைக்கும் இல்லை. இன்று போய்ப் பார்க்கிறேன், நிவேதா துரத்துகிறாள், முன்னால் மெர்சி! முதுகில் பட்டென்று ஒரு அடி. குப்புற விழுந்தாள். முட்டியில் ரத்தம். திரும்பிக் கடித்துவிடுவாளோ என்று நான் கேட்டுக்குள் ஓடினேன். அவள் எழுந்து என்னிடம் ஓடி வந்தாள்.

"சித்தி, நான் அவுட்டு! நாளைக்கி நாந்தான் எல்லாரயும் புடிக்கணும்!"

இனி அவள்மேல் கை வைக்கமாட்டேன், அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைக்குக் கூட்டி வருகிறேன். அவளே உன்னிடம் சொல்வாள். நான் முந்திக்கொண்டதைக் காட்டிக்கொள்ளாமல், புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்.

உன் தங்கச்சி, மெர்சியின் சித்தி,
ரீட்டா