குருவிக்குக் கட்டிய ஐந்து சிரட்டை

சித்தாண்டி முருகன் துணை

பனிச்சங்கேணி,
18.03.2001

அன்புள்ள மச்சானுக்கு நாகமுத்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். கத்தாரில் உங்கள் சுகத்துக்கு வெள்ளிதோறும் விளக்கு வைக்கிறேன்.

போன ஞாயிறு வளவில் நின்றவர்கள்: நான், நம் மூத்தவள் யோகமலர், நடுவிலாள் வசந்தி, சின்னவன் சுதன், உங்கள் அக்கா சின்னத்தங்கம் மச்சி. பிறகு வந்தது வெளியாள் ஒருத்தி. அவ்வளவுதான். மச்சியும் உங்களுக்கு எழுதுவா. ஆகவே நடந்ததை நான் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

இரண்டு கிழமையாய்ப் பள்ளிக்கூடம் இல்லை. இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிற நேரத்தில் பிள்ளைகளைப் படலைக்கு வெளியே விட மனமில்லாமல், குருவிக்குத் தீன் வைக்கச் சிரட்டை கட்டுவோம் என்று இருத்தினேன். ஆணியைக் காய்ச்சி ஒவ்வொரு தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பிலும் மூன்று ஓட்டை போட்டேன். சுதனும் வசந்தியும் தும்பைச் சுரண்டினார்கள். பழைய வலையில் உருவின தங்கூசி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டது மலர். நான் முடிந்த இரண்டும் சரிந்து நெல் கொட்டுண்டது. அவள் அவிழ்த்துத் திரும்ப முடிந்தாள். ஆடாமல் நின்றது. நாலில் நெல், ஒன்றில் தண்ணீர். "மனிசருக்கே அரிசி இல்ல, நீ குருவிக்குப் பந்தி வைக்காய், என்னகா" என்று மச்சி பகிடி பண்ணினா. கொஞ்ச நேரத்தில் புலுனிக் குருவிகள் வந்து சண்டை பிடித்தன. மலர் வாய்விட்டுச் சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு.

பிழை என்னுடையது. பின்வளவில் வேம்பு நிற்க, படலையடி முருங்கையில் கட்டினேன். ரோட்டால் சைக்கிளில் போன இயக்கப் பிள்ளை ஒருத்தி இறங்கி வந்தாள். மரியாதையாய்த்தான் கதைத்தாள். "இது ஆரு முடிஞ்ச?" என்று கேட்டாள். "எங்கட அக்கா. அவக்குப் பதினைஞ்சு வயசு" என்று சுதன் கேளாததையும் சொல்லிவிட்டான். இயக்கம் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பில் பதின்மூன்று என்று நான் சொல்லி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அவள் மலரின் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கைக்கு எங்களிட்ட வேலை இரிக்கு. சித்திரை பிறக்க வாறன்" என்று சொல்லிப் போனாள்.

அன்றைக்கே சிரட்டைகளைப் பின்னுக்கு மாற்றினேன். அதில் என்ன பலன்.

அன்றிலிருந்து மச்சி விடுகிறா இல்லை. மலரைத் தன் மகன் அழகரத்தினத்துக்கு இப்பவே கட்டி வைத்தால், தாலி ஏறினவளை இயக்கத்தில் கேட்கமாட்டார்களாம். "நானும் பதினைஞ்சிலதான் கட்டின, செத்தா போயிட்டன்?" என்கிறா. அழகரத்தினம் நல்ல பொடியன். அவனில் நான் குறை சொல்லவில்லை. மலரிடம் கேட்டேன். நெல் போட்டுக்கொண்டே, "அப்பா என்ன செல்லுவாரு?" என்றாள். அன்று பின்னேரம் பாடப் புத்தகங்களை அடுக்கிக் கட்டி மேலே வைத்துவிட்டாள். நான் வைக்கச் சொல்லவில்லை.

மட்டக்களப்பு ரவுணில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் இடம் தருகிறார்கள். தகப்பன் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டுமாம். ஆமிக்காரர் மறித்துப் பார்க்கிற சென்றியெல்லாம் தாண்டிக் கூட்டிப்போக நான் இருக்கிறேன். உங்கள் அக்காவின் சொல்லை நீங்கள் ஒருநாளும் தட்டினதில்லை. தட்டச் சொல்லி நானும் இதுவரை கேட்டதில்லை.

இந்தக் கடிதம் வரப் பன்னிரண்டு நாள், உங்கள் பதில் வரப் பன்னிரண்டு நாள். சித்திரைக்கு இருபத்தேழு நாள் கிடக்கிறது. யோசிக்க உங்களுக்கு மூன்று நாள். முருகன் உங்களுக்கு நல்ல புத்தியையும் சுகத்தையும் தரட்டும்.

கெதியாய்ப் பதில் எழுதுங்கள்.

உங்கள்
நாகமுத்து