ரொட்டி வாங்கப் போன வீடு

அன்பு மார்லீஸ்,

இடுப்பு வலி குறைந்ததா? அடுத்த ஆண்டு சைக்கிள் பந்தயம் பார்க்க நீயும் இங்கே வர, காருக்குப் பின்னால் இழுத்து வரும் நம் கேரவனே போதுமா, தானே ஓடும் மோட்டார் வீடு வாங்கலாமா என்று கேட்டாய். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நேற்று பக்கத்து மோட்டார் வீட்டு யோஸ்ட் ரொட்டி வாங்கப் போனார். திரும்புவதற்குள், பந்தயம் பார்க்க மலை வளைவில் அவர் பிடித்து வைத்திருந்த இடத்தில் வேறொரு வண்டி நின்றது.

"ரொட்டிக்கு வீட்டையே ஓட்டிட்டுப் போற ஆளு நீ ஒருத்தன்தான்யா!" என்றார் மனைவி, நாற்காலியிலிருந்து எழாமலே.

"ரொட்டி சூடா இருக்கு, பாரு."

நான் காரைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனால், கேரவன் மேகத்துக்குள் மிதந்தபடி இடத்தைக் காக்கிறது. உன் நாற்காலியையும் விரித்திருக்கிறேன்; அதில் பனி உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் கேரவனுக்குள் நடக்க எழுபது சென்டிமீட்டர் அகலம்தான். சமையலறைத் தரையில் அந்த அகலத்துக்கு இரண்டு கோடு போட்டு, அவற்றை மிதிக்காமல் கைத்தடியோடு ஒருமுறை திரும்ப முடிகிறதா என்று பார்.

உன் தியோ