லாரி வருமுன் கட்டிய மணி

அன்பு மகள் காசில்தாவுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் மாடுகளும் சுகம், உன் அப்பாவின் முட்டிதான் சுகமில்லை, வாய் எப்போதும்போல நன்றாக இருக்கிறது. நார்வேயில் ஜூனிலும் குளிராமே, கழுத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே போ.

முட்டி தேய்ந்துவிட்டது, இனி மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக் கணவாய் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கோடைக்கு மாடுகளை லாரியில் மலை மேய்ச்சலுக்கு அனுப்புவது, லாரி வாடகை ஒரு நடைக்குத்தான் கட்டும் என்பதால் நவம்பரில் நடத்தி இறக்க ஆள் கிடைக்காவிட்டால் விற்றுவிடுவது என்று பேசி வைத்தோம். உன் அப்பாவும் தலையாட்டினார். லாரி வருகிற அன்று காலையில் நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கிறேன், தொழுவத்தில் ஒரே மணிச் சத்தம். போய்ப் பார்த்தால் மனுஷன் மாடுகளுக்கு, மலையேறும் நாளில் மட்டும் கட்டுகிற பயண மணியைக் கட்டிவிட்டிருக்கிறார்! அந்த மணி கழுத்தில் ஏறினால் நம் மாடுகள் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாததா, முன்னால் போகிற நம் லுசேரா வாலைத் தூக்கிக்கொண்டு நேரே கணவாய்க்குப் போகிற பழைய ரோமானியர் கல் சாலையில் ஏறிவிட்டாள், மற்றவை அவள் பின்னால், எல்லாவற்றுக்கும் பின்னால் உன் அப்பா. லாரிக்காரர் காலித் தொழுவத்தைப் பார்த்துவிட்டு, 'ஏம்மா, நான் எதை ஏத்துறது, உங்களையா?' என்று கேட்டார்.

நான் மசியல் சட்டியைக் காரில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையில் போய், இரண்டு சாலையும் குறுக்கிடுகிற இடத்திலெல்லாம் தைலத்தோடு நின்றேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்து நடப்பார், வளைவு தாண்டியதும் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். குளம்பு பட்டுப் பட்டு வழவழவென்று கிடக்கிற கல், எங்கே வழுக்கிவிடுவாரோ என்று கன்னிமாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கேட்டால், 'கைப்பழக்கம் பெனிட்டா, மறந்து கட்டிட்டேன்' என்கிறார். அத்தனை மணியையும் மறந்தா கட்டுவார்? உச்சியில் உட்கார்ந்து லுசேராவின் கழுத்தைத் தடவும்போதுதான் உண்மை வந்தது. 'போன வருஷம் கடைசின்னு தெரியாமலே ஏறிட்டேன்டி, தெரிஞ்சு ஒரு தடவை ஏறணும்னு இருந்துச்சு' என்று அழுதுவிட்டார். நானும் அழுதேன். அப்புறம் மசியலை இருவரும் சட்டியோடு காலி செய்தோம்.

இனி அவர் ஏற மாட்டார், இறங்கவும் மாட்டார், இது சத்தியம். நவம்பரில் நீ வந்து ஓட்டி இறக்கினால் மாடுகள் இருக்கும், இல்லாவிட்டால் வியாபாரி வருவார். 'அவளுக்கு ஆயிரம் வேலை, எழுதித் தொந்தரவு பண்ணாதே' என்று எனக்குக் கட்டளை. ஆனால் நேற்று வாசலில் உட்கார்ந்து உன் பழைய மலைக் காலணிக்குக் கொழுப்பு தேய்த்துக்கொண்டிருந்தார், தோல் வெடித்துவிடுமாம். பக்கத்தில் அவருடைய காலணி காய்ந்து கிடந்தது, அதை அவர் தொடவே இல்லை.

எங்கிருந்தாலும் நன்றாக இரு கண்ணு, கன்னிமாதா உன்னைக் காப்பாள். லீவு கேட்கும்போது நவம்பரை மறந்துவிடாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா பெனிட்டா