மதினி கொதிக்க வைக்காத பாசி

கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் உங்களைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை, என் ஸ்டெல்லா மதினி,

உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றுகூட நான் இவ்வளவு எரிச்சல்படவில்லை. அன்றைக்கு அழுதேன், அவ்வளவுதான். இந்த மாதம் தேனியில் நடந்த அறிவியல் கூட்டத்துக்கு உங்களுக்குப் பதிலாக நான் போனேன் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலைக்கேறியது. போகிறவர் இப்படியா எல்லாவற்றையும் நாத்தனார் தலையில் கட்டிவிட்டுப் போவது?

முதலில் அந்தத் தலைப்பு. 'பாசியிலிருந்து மின்சாரம்' என்று தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். ஆல்கா என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே என்றேன். "தண்ணித்தொட்டியில படியிற பச்சைக்கு நம்ம ஊர்ல பாசின்னுதான் பேரு. அதுக்கு எதுக்கு அமலி இன்னொரு பேரு?" என்று என் வாயை அடைத்தீர்கள். இப்போது கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் நம்மை எங்கே போட்டிருந்தார்கள் தெரியுமா? பயிர் அரங்கில், உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் நடுவில். யாரோ ஒரு புண்ணியவான் பாசி என்றதும் பாசிப்பயறு என்று முடிவு கட்டிவிட்டார்.

வரவேற்பு மேசையில் இருந்தவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "பேசாம இங்கனயே பேசிருங்க மேடம். பயறு ஆளுக நல்லாக் கேப்பாக" என்றார். நீங்களாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நான் சண்டை போட்டேன்.

சண்டை போட்டு என்ன கண்டேன்? தாவரங்களும் சூரிய ஆற்றலும் என்று ஒரு அரங்கு இருந்தது. அங்கே போனால், எலக்ட்ரோடும் மீட்டரும் வருவதால் இது மின்வேதியியல், அங்கே போங்கள் என்றார்கள். மின்வேதியியல் அரங்கில், பாசியெல்லாம் பாட்டனிக்காரர்கள் பார்க்கிறது என்றார்கள். நீங்கள் பாட்டனி, நான் கெமிஸ்ட்ரி. உங்கள் அடுப்படியில் ஒரே ஜாடியின் முன்னால் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, நமக்கு நடுவில் எந்தச் சுவரும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கடைசியில் மின்வேதியியல் தலைவர் மனமிரங்கி, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கொடுத்தார். பாதிப் பேர் பிரியாணி வாசத்துக்கு எழுந்து போய்விட்டார்கள்.

சொன்னேன் மதினி, நீங்கள் சொல்லித் தந்த மாதிரியே சொன்னேன். ஜாடி நிறையத் தொட்டித் தண்ணீர், அதில் பாசி, இரண்டு கரிக்குச்சி, ஒரு மீட்டர். வெயிலில் வைத்தால் அளவு ஏறுகிறது, துணியால் மூடினால் இறங்குகிறது. வெளிச்சத்தைத் தின்கிற பாசி அதில் கொஞ்சத்தை நமக்குக் கரண்டாகக் கொடுக்கிறது. காலமெல்லாம் மற்றவர்கள் கண்டுபிடித்ததையே கரும்பலகையில் எழுதிப்போட்ட நீங்கள், உங்கள் கண்ணால் கண்டது என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதானே.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியை எழுந்தார். சென்னைப் பக்கம் போல. "பாசியை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். எங்கள் அண்ணன் திராட்சைத் தோட்டத்துத் தொட்டியிலிருந்து என்றேன், பெருமையாக வேறு. "தொட்டியில மருந்து ஏதாவது போடுவாங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தம் இல்லாமலா? துத்தம் என்றால் செம்பு. அந்தச் செம்பு கரிக்குச்சியில் படிந்தால், வெயில் பட்டதும் அதுவே கரண்ட் தரக்கூடும். பாசிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. "பாசியைக் கொதிக்க வச்சு, செத்தப்புறம் அளந்து பாத்தீங்களா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். "பாத்துட்டுச் சொல்லுங்கம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

நேரே ராயப்பன்பட்டிக்குப் போய் அண்ணனைப் பிடித்தேன். தொட்டியில் துத்தம் போட்டாயா என்று கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போடாம என்னத்தா செய்யச் சொல்ற? பாசி வந்து டிரிப் குழா பூராம் அடச்சுக்கிரும்ல."

"மதினி அதுலதான ஆராய்ச்சி பண்ணுனாக! சொல்லக் கூடாதா?"

"அவ கேட்டாளா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

ஒரே வீட்டில், ஒரே தொட்டியில், நீங்கள் பாசியை வளர்க்கப் பார்த்திருக்கிறீர்கள், அவர் அதைக் கொல்லப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. என்ன குடும்பம் மதினி இது?

சரி, துத்தம் உங்களுக்குத் தெரியாது. கொதிக்க வைக்க என்ன கேடு? மாணவர்களுக்கு இலையைக் கொதிக்க வைத்துக் காட்டுகிறவர்தானே நீங்கள்? நேரம் கிடைக்கவில்லையா? இல்லை, செத்த பாசியும் கரண்ட் தந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தீர்களா? நான் பயந்தேன். பயந்துகொண்டேதான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் இரண்டு ஜாடி வைத்தோம். இரண்டிலும் துத்தம் கலந்த அதே தொட்டியின் தண்ணீர், அதே பாசி. ஒன்று உங்கள் பால் பாத்திரத்தில் கொதித்து ஆறியது. அண்ணன் கம்பளியால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார். உயிருள்ள ஜாடியில் மீட்டர் ஏறியது, இறங்கியது. கொதித்த ஜாடியில் கம்பளி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வெயில் நேராக விழுந்தும் மீட்டர் அசையவில்லை. வேறு குச்சி மாற்றிப் போட்டும் பார்த்தேன், அதேதான்.

"அப்ப அவ சொன்னது சரிதானா?" என்றார் அண்ணன்.

"சரிதான்ணே. பாசிதான்."

கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏத்தா, இத அவகிட்டச் சொல்லணுமே" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். செத்த பாசிக்கு வெயிலும் நிழலும் ஒன்று என்று மொட்டை மாடியில் நின்று நிரூபித்தவளே நான்தான். இருந்தும் நீங்கள் சரி என்று உங்களிடம் சொல்ல இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பேராசிரியை எந்த ஊர்க் கூட்டத்துக்கு வந்தாலும் போய், துத்தம் கிடந்ததையும் கொதிக்க வைத்ததையும் மறைக்காமல் சொல்வேன். இது என் மதினி கண்டது என்றும் சொல்வேன். அதற்கு அவர் கேட்கிற அடுத்த கேள்விக்கு யாரிடம் போய் நிற்பேன் என்பதுதான் தெரியவில்லை.

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் நாத்தனார்,
அமலி