நீலப் பொத்தான்

மார்ச் 3, திங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு ஜோடி லென்ஸ் தேய்த்தேன். ஒன்றுகூடக் கீறவில்லை, முதலாளிக்கே ஆச்சரியம். மதியம் ஒரு மின்னஞ்சல். வீடியோக்களைச் சேமிக்க அண்ணன் இணையத்தில் வைத்திருந்து, பயன்படுத்தாமல் விட்ட கணக்கு இருபதாம் தேதியோடு மூடப்படுகிறதாம். அவன் என்னோடு பகிர்ந்த 43 வீடியோக்களும் அதோடு அழிந்துவிடுமாம். அனுப்பியது கம்பெனி. அண்ணன் எனக்கு எதுவும் எழுதி நான்கு வருடம் ஆகிறது.

எல்லாம் அம்மாவின் கடைசி இரண்டு மாதம். அவன் எடுத்தவை. நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

மார்ச் 4

ஒரு வீடியோ என் கம்ப்யூட்டரில் இறங்க மூன்று மணி நேரம். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் காலையில் போனால் இருட்டியபின்தான் வருகிறேன், யார் உட்கார்ந்து பார்ப்பது? வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க மாட்டேன். அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று அத்தனை பேர் முன்னாலும், "நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றானே.

ஆனால் அவன் சொன்னதில் என்ன பொய்? அடுத்த வாரம் வர்றேன், அடுத்த வாரம் வர்றேன் என்றே இரண்டு மாதத்தையும் ஓட்டினேன். லீவு கிடைக்கலைன்னு சொன்னேன். லீவு கிடைத்தது. பயம். அம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயம், வேறென்ன?

மார்ச் 6

பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஒரு மென்பொருள் தந்தார். "ஒரு தடவ நீங்க செஞ்சு காட்டுங்க சார், அப்புறம் அதுவே செஞ்சுக்கும்." செய்து காட்டினேன். பக்கத்தைத் திற. வலது மூலையில் உள்ள நீலப் பொத்தானை அழுத்து. இறங்கியதும் அடுத்ததற்குப் போ. இறங்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து மறுபடி அழுத்து. எத்தனை முறை முயல வேண்டும் என்று கேட்டது. எல்லையில்லை என்று போட்டேன்.

மார்ச் 7

ஏழு வந்துவிட்டன. கதவைத் திறந்ததும் கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம். வீட்டில் யாரோ இருப்பதுபோல் இருந்தது. "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பைத்தியம்தான்.

மார்ச் 10

இருபத்தைந்து. இன்னும் எதையும் திறக்கவில்லை. எல்லாம் வரட்டும், வரிசையாகப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 12

முப்பத்தேழு. கடைசி ஆறு மட்டும் அடம்பிடிக்கின்றன. 'இறங்கவில்லை, மீண்டும் முயல்கிறேன்' என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது. கம்பெனிப் பக்கம் ஏதோ கோளாறு போல. முயலட்டும், அதற்குத்தானே வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

அண்ணன் போன் செய்தான்.

நான் "ஹலோ" என்பதற்குள், "டேய், பழைய மெயில இன்னைக்குத்தான் திறந்தேன். நானூத்திப் பன்னெண்டு தடவ கேட்டிருக்கே. ஒரு தடவ போன் பண்ணிக் கேக்கக் கூடாதாடா?" என்றான். குரல் உடைந்திருந்தது.

ஒன்றும் புரியவில்லை. பேசிக்கொண்டே திரையைப் போய்ப் பார்த்தேன். அந்த ஆறும் பூட்டியிருந்தன. பூட்டிய வீடியோவில் அதே வலது மூலையில், அதே நீலத்தில் வேறொரு பொத்தான்: 'உரிமையாளரிடம் அனுமதி கேள்'. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, என் பெயரில், அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று நாளாக.

மெஷின்தான் கேட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"ஆமாண்ணா, கேட்டேன்" என்றேன்.

பிறகு அவன், "அந்த ஆறையும் நான்தான் பூட்டினேன். நீ தனியா பாக்காத. என்கிட்டயும் இருக்கு, அடுத்த சனிக்கிழமை எடுத்துட்டு வர்றேன்" என்றான்.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

மார்ச் 20

கணக்கு மூடிவிட்டது. மென்பொருளை நிறுத்தினேன். வீடு பொட்டுச் சத்தம் இல்லாமல் கிடக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் நேற்று வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. இன்று காலை இருவரும் அந்த ஆறையும் பார்த்தோம்.

அம்மாவுக்குப் பார்வை போய்விட்டிருக்கிறது. கண்ணைச் சுருக்கி கேமராப் பக்கம் பார்த்து, "சின்னவனே, எப்படா வந்தே?" என்கிறாள்.

"இப்பத்தாம்மா வந்தேன்." அண்ணனின் குரல்.

"வர்றதுக்கு இத்தனை நாளா?"

"வேலைம்மா. இனிமே இங்கதான் இருப்பேன்."

அம்மா கையை நீட்டுகிறாள். படம் ஆடுகிறது, அவன் கிட்டே போகிறான். ஆறு வீடியோவிலும் அவன் நானாகவே பேசுகிறான். ஒன்றில் அம்மா, "பெரியவன் எங்கடா, கண்ணுலயே காணோம்?" என்று அவனிடமே கேட்கிறாள். "வருவான்மா" என்கிறான்.

அண்ணன் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "உன் பேர்ல பொய் சொல்லிட்டேன்டா. அந்தக் கோவத்துலதான் அன்னைக்கு உன்ன அப்படிச் சொன்னேன்" என்றான். நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

நாளைக்குக் கிளம்புவதாக இருந்தான். புதன்கிழமை வரை இரேண்ணா என்று கேட்டேன். டிக்கெட்டை மாற்றிவிட்டான்.